எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரால் அரசாங்க ஒப்பந்தங்களில் உண்மையில் என்ன செய்ய முடியும்?

225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 159 ஆசனங்கள் ஆளுந்தரப்பிடம் இருக்கும்போது, எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஒப்பந்தங்களைப் பற்றியும் கொள்கைகளைப் பற்றியும் கேள்வி எழுப்பி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வடக்கு கிழக்கிலிருந்து தெரிவாகிப் போகிறவர்கள் கொழும்பின் விலைமனுக்களில் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டாவது கேள்வியையும் சேர்த்திருக்கிறீர்கள். கணக்காய்வு அறிக்கைகளையும் குழு அறிக்கைகளையும் வாசிப்பது பல ஆண்டுகளாக என் தொழிலின் ஒரு பகுதி என்பதால், எனக்குத் தெரிந்த அளவில் இலங்கையின் அனுபவத்தை வைத்தே இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சட்டமூலம் ஒன்று வாக்கெடுப்புக்கு வரும். அங்கே 159 என்ற எண்ணுக்கு முன்னால் எதிர்க்கட்சி தோற்கும். ஆனால் ஒப்பந்தம் ஒன்று பெரும்பாலும் சபையின் வாக்கெடுப்புக்கு வருவதே இல்லை. அமைச்சொன்று அமைச்சரவைப் பத்திரம் தயாரிக்கிறது, பெறுகைக் குழுவும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவும் பரிந்துரைக்கின்றன, அமைச்சரவை அனுமதிக்கிறது, செயலாளர் ஒருவர் கையெழுத்திடுகிறார். இந்தப் பாதையில் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு மட்டுமல்ல, ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினருக்கும் இடமில்லை. ஆகவே ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பது நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய விடயமல்ல. ஒப்பந்தம் என்பது காகிதங்களின் கோவை. அந்தக் கோவையை மேசைக்கு வரவழைப்பதும், அதில் கையெழுத்திட்டவரைப் பதிவுக்காகப் பேசவைப்பதும் எதிர்க்கட்சி உறுப்பினரால் முடியும். அவருடைய பலம் முழுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

அதற்கான வழிகள் ஏட்டில் இருக்கின்றன. வாய்மூல விடைக்கான வினாக்களை முன்னறிவித்தல் கொடுத்துக் கேட்கலாம். கட்சித் தலைவர்கள் நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் அவசர முக்கியத்துவம் வாய்ந்த விடயங்களை எழுப்பலாம். ஒத்திவைப்புவேளைப் பிரேரணை கொண்டுவரலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக மூன்று நிதிசார் குழுக்கள் இருக்கின்றன: அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவான கோபா, 1979இல் உருவாக்கப்பட்ட அரசாங்க பொறுப்பு முயற்சிகள் (அரச நிறுவனங்கள்) பற்றிய குழுவான கோப், அரசாங்க நிதி பற்றிய குழு. சபையில் அமைச்சர் ஒருவர் பத்து நிமிடம் பேசிப் பதிலைத் தவிர்த்துவிடலாம். குழு அறையில் அமைச்சின் செயலாளரும் நிறுவனத்தின் தலைவரும் கோவைகளோடு வந்து உட்கார வேண்டும். பக்கத்தில் கணக்காய்வாளர் தலைமை அதிபதி இருப்பார். பொதுவான பதில் ஒன்றைச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும். 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாராளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம் அங்கே பேசும் உறுப்பினரையும் சாட்சியையும் காக்கிறது. 2019இல் கோப் குழுவின் விசாரணைகள் ஊடகங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு, அந்த அறையில் நடப்பதை வீட்டிலிருந்தே பார்க்கும் நிலையும் வந்தது.

வினா ஒன்று எப்படி எழுதப்படுகிறது என்பதை ஒருமுறை கவனியுங்கள். ஒழுங்குப் பத்திரத்தில் (அ), (ஆ) என்று பகுதி பிரித்து, ஒவ்வொரு பகுதியும் “என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?” என்று முடியும். கடைசியில் “இன்றேல், ஏன்?” என்று வரும். வறண்ட நடைதான். ஆனால் அந்த வடிவத்தில் பெரும் பயன் இருக்கிறது. “இந்த ஒப்பந்தத்தில் ஊழல் நடந்திருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடும். விலைமனு கோரப்பட்ட திகதி என்ன, அறிவித்தல் எந்தப் பத்திரிகையில் வந்தது, எத்தனை நிறுவனங்கள் விண்ணப்பித்தன, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தொகை என்ன, மதிப்பீட்டுக் குழு எந்த நிறுவனத்தைப் பரிந்துரைத்தது, அந்தப் பரிந்துரை மாற்றப்பட்டதா, மாற்றியவர் யார் என்று கேட்டால், அமைச்சு ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும். பொய் சொல்வதானால் எண்களில் சொல்ல வேண்டும். எண்களில் சொன்ன பொய் பின்னாளில் பிடிபடும். நல்ல எதிர்க்கட்சி உறுப்பினரை நான் அடையாளம் காண்பது அவருடைய சபை உரையை வைத்து அல்ல, அவர் கொடுத்த வினாக்களின் உபபிரிவுகளை வைத்துத்தான்.

இதன் வலிமையையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுவது மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி, அரசாங்கம் கடன் வாங்குவதற்கு வழங்கும் பத்திரங்களான 30 ஆண்டுத் திறைசேரி முறிகளை ஏலத்தில் விட்டது. அறிவிக்கப்பட்ட தொகை 100 கோடி ரூபா. ஆண்டு வட்டி 12.5 சதவீதம். ஏலம் முடிந்தபோது ஏற்றுக்கொள்ளப்பட்ட தொகை 1,000 கோடிக்கும் சற்று அதிகம். அறிவித்ததைப் போல் பத்து மடங்கு. அதே நாளில், அதுவரை பெருமளவு கடன் திரட்டப் பயன்பட்ட, ஏலமில்லாமல் முறிகளை விற்கும் நேரடி ஒதுக்கீட்டு முறையும் நிறுத்தப்பட்டது. ஏற்றுக்கொண்ட முறிகளில் ஏறத்தாழ பாதி, பேர்ப்பச்சுவல் ட்ரெசறீஸ் என்ற முதனிலை வணிகருக்கு (முறிகளை நேரடியாக வாங்க அனுமதி பெற்ற நிறுவனம்) போனது: நேராக 200 கோடியும், இலங்கை வங்கியின் ஊடாக 300 கோடியும். அந்த நிறுவனம் அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடையது.

இதில் நட்டம் எங்கே வருகிறது என்பதை எளிமையாகச் சொல்கிறேன். 100 கோடி மட்டுமே தேவை என்று நம்பும் வணிகர், மற்றவரை முந்துவதற்காக அரசாங்கத்துக்குச் சாதகமான குறைந்த வட்டியைக் கேட்பார். அதுவும் சிறு தொகைக்குத்தான் கேட்பார். 1,000 கோடி எடுக்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் இருந்தால், அவர் உயர்ந்த வட்டியைத் துணிந்து கேட்டுப் பெருந்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கேட்ட வட்டி கிடைத்தால் 30 ஆண்டுகளுக்கு அந்த வித்தியாசத்தைக் கட்டுவது வரி செலுத்துவோர். ஏலத்தின் விதி எதுவும் வெளிப்படையாக மீறப்பட்டதாகத் தோன்றாமலேயே இது நடக்கலாம். இப்படியான விடயத்தைத் தெரு மேடையில் விளக்குவது கடினம். கோவையைப் பக்கம் பக்கமாகப் புரட்டக்கூடிய ஒரு குழு தேவைப்படுவது இதனால்தான்.

முதலில் விசாரித்தது டி.ஈ.டபிள்யூ. குணசேகர தலைமையிலான கோப் குழு. அவர் அப்போதைய ரணில் விக்கிரமசிங்க அரசாங்கத்துக்கு வெளியே இருந்தவர். குழுவின் அறிக்கை சபைக்கு வருவதற்கு முன் 2015 ஜூன் 26ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. குழுவும் அதோடு கலைந்தது. ஒரு விசாரணையை நிறுத்துவதற்கு யாரும் அதற்கு எதிராக வாக்களிக்க வேண்டியதில்லை, கலைப்புக் கட்டளை ஒன்றே போதும் என்பதை அன்றைக்கு நாடு பார்த்தது.

தேர்தலுக்குப் பின் கோப் குழுவின் தலைமை மக்கள் விடுதலை முன்னணியின் சுனில் ஹந்துன்னெத்திக்குக் கிடைத்தது. மிகச் சிறிய எதிர்க்கட்சி ஒன்றின் உறுப்பினர் அவர். 2016 ஜூனில் கணக்காய்வாளர் தலைமை அதிபதி காமினி விஜேசிங்க சமர்ப்பித்த அறிக்கை, பின்னர் நடந்த இன்னொரு ஏலத்தையும் சேர்த்து, இரண்டு ஏலங்களால் ஏற்பட்ட நட்டத்தை 160 கோடி ரூபாவுக்கு மேல் என்று கணித்தது. அதை வைத்துக்கொண்டு மத்திய வங்கி அதிகாரிகளை மீண்டும் மீண்டும் அழைத்து விசாரித்த குழு, 2016 ஒக்டோபர் 28ஆம் திகதி தனது அறிக்கையைச் சபையில் வைத்தது. முன்னாள் ஆளுநர் பொறுப்புக்கூற வேண்டும், சட்ட நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆளுங்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினர்கள் அறிக்கையை முற்றாக நிராகரிக்க முடியாத நிலையில், அதற்குள் தங்கள் கருத்துகளை அடிக்குறிப்புகளாகச் சேர்த்தார்கள். அதன் பின் தென்னிலங்கை அரசியலில் “அடிக்குறிப்பு” என்பது ஒரு குற்றச்சாட்டாகவே வழங்கலாயிற்று. ஆனால் அந்த அடிக்குறிப்புகளே எனக்கு வேறொன்றைச் சொல்கின்றன. பெரும்பான்மை கையில் இருந்தும், கோவை மேசைக்கு வந்துவிட்டதால், அவர்களால் முடிந்தது பக்கத்தின் அடியில் எழுதுவது மட்டுந்தான்.

அந்த அறிக்கைக்குப் பிறகு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2017 ஜனவரியில் ஆணைக்குழு ஒன்றை நியமித்தார். இரண்டு உயர் நீதிமன்ற நீதியரசர்களோடு, ஓய்வுபெற்ற பிரதிக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி கந்தசாமி வேலுப்பிள்ளையும் அதில் இருந்தார். அங்கே வெளிவந்த சாட்சியங்களுக்குப் பின், ஏலங்கள் நடந்த காலத்தில் நிதியமைச்சராக இருந்த ரவி கருணாநாயக்க, 2017 ஓகஸ்டில் தாம் அப்போது வகித்த வெளிவிவகார அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஆணைக்குழுவின் அறிக்கை டிசம்பர் 30ஆம் திகதி ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் இந்த விவகாரம் சென்ற பாதை நீண்டது, பலருக்கு ஏமாற்றமும் தந்தது; அதை நான் மறைக்கவில்லை. கோப் குழுவால் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது, பணத்தை மீட்கவும் முடியாது. அது பரிந்துரைக்கும், வழக்குத் தொடுப்பது சட்டமா அதிபரும் இலஞ்ச ஆணைக்குழுவும். ஆனால் 2015இல் கலைக்கப்பட்ட குழுவோடு விடயம் புதைந்திருந்தால் இவற்றில் ஒன்றுமே நடந்திராது.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நமது உறுப்பினர்கள் இனப்பிரச்சினையைத்தான் பேச வேண்டும், ஒப்பந்தங்கள் தெற்கின் சண்டை என்ற எண்ணம் நம்மிடையே பழகிப்போயிருக்கிறது. அதை ஏற்க முடியாததற்குக் காரணம், போருக்குப் பின் நமது மண்ணில் நடந்தவற்றில் பெரும்பகுதி ஒப்பந்தங்களாகவே வந்து சேர்ந்தது என்பதுதான். 65,000 உருக்கு வீடுகளை மறந்திருக்க மாட்டீர்கள். போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வடக்கிலும் கிழக்கிலும் முன்தயாரிக்கப்பட்ட உருக்கு வீடுகளை அமைத்துக் கொடுக்கும் திட்டத்தை, ஆர்சலர் மிட்டல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்தின் ஊடாக நிறைவேற்ற மீள்குடியேற்ற அமைச்சு முனைந்தது. ஒரு வீட்டின் விலையாக முதலில் சொல்லப்பட்டது ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. சில ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு கல்வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது 5.5 இலட்சம் ரூபா. அந்தத் தொகை போதாமல் பல குடும்பங்கள் கடன்பட்டன என்பது உண்மை, இடையில் விலைகள் ஏறியிருந்தன என்பதும் உண்மை. ஆனாலும் ஏறத்தாழ நாலு மடங்கு வித்தியாசத்தை விலையேற்றத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

மாதிரி வீடுகள் யாழ்ப்பாணத்தில் ஊரெழுவில் அமைக்கப்பட்டன. பார்க்கப் போனவர்கள் முதலில் கேட்டது அடுக்களையைப் பற்றி. விறகடுப்பில் சமைக்கும் வீட்டுக்குப் புகைபோக்கி இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் ஒரு அறையைச் சேர்த்து இறக்கிக் கட்ட வழியில்லை. சித்திரை வெயிலில் உருக்குச் சுவர் எப்படி இருக்கும் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வீட்டோடு தளபாடம், தொலைக்காட்சி எல்லாம் வரும் என்று சொல்லப்பட்டது. கட்டினால் ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் கல் அரிவோருக்கும் கிடைத்திருக்கக்கூடிய கூலி வராது என்று சொல்லப்படவில்லை. அப்போது எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் இருந்தவர் இரா. சம்பந்தன். அவருடைய கட்சியின் உறுப்பினர்களும், பொறியியலாளர்களும், பொருளாதார ஆய்வாளர்களும், சிவில் அமைப்புகளும் விலையையும் பொருத்தப்பாட்டையும் தொடர்ந்து கேள்விக்குட்படுத்தினார்கள். அதே தொகையில் எத்தனை கல்வீடுகள் கட்டலாம் என்ற கணக்கை மேசையில் வைத்தார்கள். 65,000 வீடுகள் என்ற திட்டம் சுருங்கி, இறுதியில் அந்த வடிவில் நிறைவேறாமலே போனது.

இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வீடில்லாமல் தற்காலிகக் கொட்டிலில் இருந்த ஒரு தாய்க்கு, “இந்த ஒப்பந்தம் சரியில்லை, பொறுங்கள்” என்று சொல்வது இலகுவான காரியமல்ல. உருக்கு வீடென்றாலும் தாருங்கள் என்று விண்ணப்பித்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒப்பந்தத்தை எதிர்க்கும் உறுப்பினர் அதன் தாமதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். மாற்றுத் திட்டம் ஒன்றைக் கணக்கோடு கையில் வைத்திராமல் எதிர்ப்பவருக்கு அந்தத் தாயின் முன்னால் நிற்க உரிமையில்லை என்றே நான் கருதுகிறேன்.

மன்னார்க் காற்றாலை விவகாரம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. 2022 ஜூன் 9ஆம் திகதி மின்சாரச் சட்டத் திருத்தம் 120க்கு 36 என்ற வாக்குகளால் நிறைவேறியது. மின்னுற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி விலைமனு கோர வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அது தளர்த்தியது. 10 மெகாவாட்டுக்கு மேற்பட்ட திட்டங்களுக்காவது விலைமனு கோரப்பட வேண்டும் என்று எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி வற்புறுத்தியும் பயனில்லை. சபையில் தோற்றாயிற்று. மறுநாள் ஜூன் 10ஆம் திகதி கோப் குழுவில், இலங்கை மின்சார சபையின் அப்போதைய தலைவரிடம் இந்தியாவின் அதானி குழுமத்துக்கு மன்னார், பூநகரித் திட்டங்கள் எப்படிக் கொடுக்கப்பட்டன என்று கேட்கப்பட்டது. இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச தம்மிடம் சொன்னார் என்று அவர் பதிலளித்தார். ஜனாதிபதி அதை உடனே மறுத்தார். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று தலைவரும் தமது கூற்றை மீளப்பெற்று, மூன்று நாளில் பதவி விலகினார். அவர் சொன்னது உண்மையா இல்லையா என்பதை நான் தீர்ப்பிட முடியாது. ஆனால் அந்தத் திட்டம் எந்தப் போட்டியும் இல்லாமல் எப்படி ஒருவரின் கைக்குப் போனது என்ற கேள்வி, வாக்கெடுப்பு முடிந்த மறுநாளே பதிவுக்குள் வந்துவிட்டது. பின்னர் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை 2024இல் அமைச்சரவையின் அனுமதியைப் பெற்றபோது, அந்தப் பதிவோடு சேர்த்தே அது பேசப்பட்டது. மன்னார் மீனவர்களின் எதிர்ப்பும், வலசைப் பறவைகளின் பாதை குறித்துச் சூழலியலாளர்கள் தொடுத்த வழக்குகளும் அதோடு சேர்ந்துகொண்டன. ஆட்சி மாறியபின் விலை மீளாய்வுக்கு எடுக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. மன்னார் ஒப்பந்தம் கொழும்பின் சண்டையா, நமது சண்டையா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொள்கை விடயத்தையும் கேட்டிருந்தீர்கள். அதில் எதிர்க்கட்சியின் கை இன்னும் தாழ்ந்துதான் இருக்கிறது. தேர்தலில் வென்றவர் தமது கொள்கையை நடைமுறைப்படுத்த உரித்துடையவர். அதைத் தடுப்பது எதிர்க்கட்சியின் வேலையல்ல. ஆனால் கொள்கை நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் வர்த்தமானியின் ஒரு வரியாகத்தான். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி ஒரே இரவில் 25 சதமாக்கப்பட்டது. கடையில் சீனி விலை அதற்கேற்ப இறங்கவில்லை. அந்த 49 ரூபா 75 சதம் யாருடைய பைக்குப் போனது என்று கேட்பதற்குச் சபையில் பெரும்பான்மை தேவையில்லை. சுங்கத்தின் இறக்குமதிப் பதிவைத் திகதிவாரியாகக் கேட்டு வாங்கினால் போதும்.

கேள்வியிலிருந்து விளைவு வரை முழுப் பாதையையும் அண்மையில் காட்டியது இணையவழி விசா ஒப்பந்தம். இலங்கைக்கு வருவோரின் விசா விண்ணப்பங்களை மொபிட்டல் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு குடிவரவுத் திணைக்களமே கவனித்துவந்தது. விண்ணப்பம் ஒன்றுக்கு மொபிட்டல் பெற்ற கட்டணம் 1 டொலர். 2024 ஏப்ரல் 17 முதல் அந்தப் பணி, போட்டி விலைமனு இல்லாமல், வீஎஃப்எஸ் உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனக் கூட்டொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. விசாக் கட்டணத்துக்கு மேலதிகமாக, சேவைக் கட்டணம் 18.50 டொலரும் வசதிக் கட்டணம் 7.27 டொலரும் அறவிடப்பட்டன. மே மாதத் தொடக்கத்தில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவர் ஆத்திரத்தோடு கேள்வி கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. பொதுவாக இப்படியான காணொளிகள் ஒரு கிழமையில் அடங்கிவிடும்.

இது அடங்காததற்குக் காரணம் அரசாங்க நிதி பற்றிய குழு. அதன் தலைவராக இருந்தவர் எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தியின் ஹர்ஷ டி சில்வா. அதே குழுவுக்கு முன்னைய பாராளுமன்றம் ஒன்றில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் தலைமை தாங்கினார் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது. குழு திணைக்கள அதிகாரிகளை அழைத்தது, அமைச்சரவைப் பத்திரத்தைக் கேட்டது, 1 டொலர் வேலைக்கு 25.77 டொலர் ஏன் என்று கேட்டது, தடயவியல் கணக்காய்வைக் கோரியது. பின்னர் பாட்டலி சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், சுமந்திரன் ஆகிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஏப்ரல் 17க்கு முன்பிருந்த முறையை மீளக் கொண்டுவருமாறு நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. கட்டளை நிறைவேற்றப்படவில்லை. செப்ரெம்பர் 25ஆம் திகதி, நீதிமன்ற அவமதிப்புக் குற்றச்சாட்டில் குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். ஓரிரு நாள்களில் பழைய முறை இயங்கத் தொடங்கியது. சிங்களவர், முஸ்லிம், தமிழர் என மூன்று தரப்பு எதிர்க்கட்சி உறுப்பினர்களை ஒரே கோரிக்கையின் பின்னால் நிற்க வைத்தது ஒரு விலைமனு விதி என்பது, இந்த நாட்டில் சின்ன விடயமல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தங்கள் தரப்பில் செய்யும் பிழைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குழுக்களுக்கு ஒழுங்காக வராமை முதலாவது. தொலைக்காட்சிக் கருவி இருக்கும் நாளில் நிறைந்திருக்கும் நாற்காலிகள், ஒரு கூட்டுத்தாபனத்தின் ஐந்து ஆண்டு நிதிக்கூற்றை வரிவரியாகப் பார்க்கும் நாளில் வெறுமையாக இருக்கும். சிறப்புரிமையின் நிழலில் ஆதாரமில்லாமல் பெயர்களை உச்சரிப்பது அதைவிட மோசமானது. வெளியே சொல்ல முடியாததை உள்ளே சொல்லும் உரிமை, வெளியே பதில் சொல்ல முடியாத ஒருவருக்கு எதிராகப் பாவிக்கப்படும்போது, அடுத்தமுறை உண்மையான ஆதாரத்தோடு வருபவரின் சொல்லும் மலிந்துபோகிறது. கட்சிப் பணத்துக்கு உதவும் ஒப்பந்தக்காரர் யாரென்று தெரிந்தவுடன் வினாவைத் திரும்பப் பெறுவதும் நடக்கிறது. ஒழுங்குப் பத்திரத்தில் இருந்த வினா அடுத்த முறை காணாமற்போவதை அக்கறையுள்ள வாசகர் யாரும் கவனிக்கலாம்.

குழுத் தலைமையைக் கைப்பற்றும் ஆட்டமும் உண்டு. 2024 மார்ச்சில் கோப் குழுவின் தலைவராக ஆளுந்தரப்பின் ரோஹித அபேகுணவர்தன தெரிவானபோது, அதை ஏற்க முடியாது என்று பல உறுப்பினர்கள் குழுவிலிருந்து விலகினார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விலகிய நாளிலிருந்து அந்த அறையில் கேள்வி கேட்க அவர்கள் இல்லை. விசாரிக்கப்பட வேண்டியவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறென்ன? உள்ளே இருந்துகொண்டு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கடைசியாக, இதெல்லாம் பாராளுமன்றத்துக்கு மட்டும் உரியதென்று நினைத்துவிடாதீர்கள். வடக்கில் ஒரு பிரதேச சபையில் எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவரை எனக்குத் தெரியும், ஓய்வுபெற்ற ஆசிரியை. மதகு ஒன்றின் கொடுப்பனவு சபைக்கு வந்தபோது, அவர் ஒப்பந்தப் படத்தின் பிரதியைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்றார். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் அது, குடிமக்கள் எவருக்கும் உரியது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை, தையற்காரர் பாவிக்கும் நாடாவோடும், பிடித்துக்கொள்ள ஒரு பழைய மாணவனோடும் மதகடிக்குப் போனார். நானும் கூடப் போனேன். படத்தில் இருந்த கொங்கிறீற்றுத் தடிப்புக்கும் நாடா காட்டியதற்கும் இடையில் நாலு விரல்கடை வித்தியாசம். அவர் அதைக் கொப்பியில் குறித்து, திகதியிட்டு, மாணவனையும் கையெழுத்திடச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் குரலை உயர்த்தவே இல்லை. “தவிசாளர் அவர்களே, படத்தின் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள், பிறகு இந்தக் கொப்பியைப் பாருங்கள்” என்றார். கொடுப்பனவு நிறுத்தப்பட்டது, ஒப்பந்தக்காரர் வந்து மீதிக் கொங்கிறீற்றைப் போட்டார். வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அந்தச் சபையில் அவருடைய தரப்பில் இருந்தது மூன்று பேர்.

உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினரை அடுத்தமுறை காணும்போது, சென்ற ஆண்டில் அவர் கொடுத்த வினாக்களின் இலக்கங்களைக் கேளுங்கள். எந்தக் குழுவில் இருக்கிறார், எத்தனை அமர்வுகளுக்குப் போனார் என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் சபை உரைகளின் பதிவான ஹன்சாட்டும் குழு அறிக்கைகளும் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. நீங்களே தேடிப் பார்க்கலாம்.